பல்லாவரத்துக் கல்லும் கொல்கத்தாக் கல்லறையும்: பழைய மண்டபச் சமாதிகளை என்ன செய்வது?

லேக்மார்க்கெட்வாசி (ஞாயிறு, மாலை 6:10)

கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து 22 வருஷம் ஆகிவிட்டது. மனசு கனக்கும்போதெல்லாம் இங்கே நான் போய் உட்காருகிற இடம் பார்க் ஸ்ட்ரீட் தெற்குக் கல்லறைத் தோட்டம். இன்றைக்கும் போய்விட்டு வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அதற்காக இந்த இழை.

1767-ல் திறந்த இடம். அதற்கு முன்னால் இறந்த வெள்ளைக்காரர்களை ஊர் நடுவில், இன்றைக்கு செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிற வளாகத்தில் புதைத்தார்கள். அது நிரம்பிப் போனதும் ஊருக்கு வெளியே இடம் பார்த்தார்கள். அங்கே போகிற பாதைக்கே பரியல் கிரவுண்ட் ரோடு என்றுதான் பெயர். அதுதான் பிறகு பார்க் ஸ்ட்ரீட், இப்போது மதர் தெரசா சரணி. 1830-கள் வரை அடக்கம் நடந்திருக்கிறது. உள்ளே ஏறத்தாழ 1600 சமாதிகள்.

சமாதி என்றதும் நம் பக்கத்து இடுப்பளவு மேடையை நினைக்காதீர்கள். பிரமிடுகள், ஊசிமுனைத் தூண்கள், சுற்றிலும் தூண் நிறுத்திய மண்டபங்கள், மேலே கும்மட்டம். நடந்து போனால் ஒரு சின்ன ஊரின் தெருக்களில் நடக்கிற மாதிரி இருக்கும். வீடுகள் எல்லாம் சாத்திக் கிடக்கிற ஊர். எல்லாவற்றிலும் உயரமானது வில்லியம் ஜோன்ஸுடையது. 1784-ல் ஆசியச் சங்கத்தைத் தொடங்கியவர், 1794-ல் இறந்தார். கடவுளுக்கு அஞ்சியவன், மரணத்துக்கு அஞ்சாதவன் என்று தன் கல்லில் பொறிக்க வேண்டியதைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போனார்.

"மனுஷ ஆயுசு இரண்டு மழைக்காலம்" என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களிடம் ஒரு சொல் இருந்ததாம். கல்வெட்டுகளைப் படித்தால் அது புரியும். காலரா, காய்ச்சல், பிரசவம். ரோஸ் எய்ல்மர் என்ற பெண்ணுக்கு 1800-ல் இறக்கும்போது 20 வயது. திருகு போட்ட மாதிரி மேலே ஏறுகிற தூண் அவளுக்கு. பக்கத்து வரிசையிலேயே தாயும் பச்சைக் குழந்தையுமாக ஒரே கல்லில் பெயர்கள்.

இன்றைக்கு ஒரு மண்டபத்தின் மூலையில் பூச்சு உதிர்ந்து உள்ளே மெல்லிய செங்கல் தெரிந்தது. இரண்டு செங்கல்லுக்கு நடுவில் ஓர் அரசங்கன்று. ஐந்து இலை. என் விரல் நீளம்கூட இல்லை. பிடுங்கலாமா, கூடாதா என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவு பெரிதாகக் கட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இனிமேல் இவற்றை என்ன செய்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பறங்கிமலைக்காரி (ஞாயிறு, இரவு 8:45)

செயின்ட் ஜான்ஸ் என்றதும் ஓடி வந்தேன். அண்ணா, அந்த வளாகத்தில் கொல்கத்தாவைத் தொடங்கியவர் என்று சொல்லப்படுகிற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் சமாதி இருக்கிறதே, உள்ளே போயிருக்கிறீர்களா? 1690-களில் அவருடைய மருமகன் கட்டிய எட்டுப்பட்டை மண்டபம் அது. கொல்கத்தாவில் இன்று நிற்கிற ஆங்கிலேயர் கட்டடங்களிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று.

உள்ளே இருக்கிற கருங்கல் பலகை எங்கள் ஊர்க் கல். வங்காளத்தில் வண்டல் மண்தான், கல் ஏது? பல்லாவரம், பறங்கிமலைப் பக்கத்திலிருந்து கப்பலில் போயிருக்கிறது. 1893-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தப் பலகையையும் நம் பக்கத்துப் பாறையையும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்த வகைப் பாறைக்கே சார்னோகைட் என்று பெயர் வைத்தார். உலகத்தில் எங்கே அந்தப் பாறை கிடைத்தாலும் இன்றைக்கு அந்தப் பெயர்தான். பல்லாவரத்துப் பாறைக்குக் கொல்கத்தாவில் புதைக்கப்பட்டவரின் பெயர்!

நான் நிலவியல் படித்தவள். முதல் வருஷம் பேராசிரியர் எங்களைப் பறங்கிமலைக்குக் கூட்டிப் போய்ச் சுத்தியலால் ஒரு துண்டு உடைத்துக் காட்டினார். வெளியே சாதாரணச் சாம்பல் நிறம். உடைந்த முகத்தில் நீலம் கலந்து, எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுக்கம். சுமார் 250 கோடி வருஷத்துப் பாறை. அந்தத் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

லேக்மார்க்கெட்வாசி (ஞாயிறு, இரவு 9:20)

உடம்பு சிலிர்க்கிறது அம்மா. அந்த மண்டபத்துக்குள் நான்கைந்து தடவையாவது போயிருப்பேன். லத்தீன் எழுத்தைப் பார்த்தேனே தவிர, கல்லைப் பார்க்கவில்லை. நான் பிறந்து வளர்ந்தது குரோம்பேட்டை.

கேள்விக்குறி (திங்கள், காலை 7:30)

எல்லாரும் உருகுகிறீர்கள், நானும் படித்தேன். ஆனால் என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கல்லறை திறந்தது 1767. வங்காளப் பஞ்சம் 1769-70. பல லட்சம் பேர், மாகாணத்தின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் என்றுகூட அந்தக் காலக் கணக்கே சொல்கிறது, செத்துப் போனார்கள். நிலவரி வசூல் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பணத்தில் சம்பாதித்தவர்களுக்குத்தான் பிரமிடும் கும்மட்டமும். பஞ்சத்தில் தெருவோரம் விழுந்தவர்களுக்கு அந்த ஊரில் ஒரு கல் இருக்கிறதா? அந்த மண்டபங்களைக் கட்டிய கொத்தனார் ஒருவரின் பெயராவது எங்காவது பொறித்திருக்கிறதா?

இடித்துத் தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொதுப்பணத்தில் அவற்றைப் பராமரிக்க வேண்டும் என்றால், ஏன் என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

பாரிமுனைப்பழசு (திங்கள், பகல் 1:15)

தம்பியின் கேள்வி நியாயமானது, அதற்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும். வழக்கம் எங்கிருந்து வந்தது என்ற முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தங்கள் ஊரில் அவர்கள் தேவாலயத் தரைக்கு அடியிலும் முற்றத்திலும் புதைத்துக்கொண்டிருந்தவர்கள். ஊருக்கு வெளியே தனித்தனி மண்டபமாகக் கட்டும் வழக்கத்தை அவர்கள் இந்தியாவில்தான் எடுத்துக்கொண்டார்கள். சூரத்துக்குப் போனால் அது கண்ணுக்குத் தெரியும். 1659-ல் இறந்த கிறிஸ்டோபர் ஆக்ஸென்டன், 1669-ல் இறந்த அவர் சகோதரர் ஜார்ஜ் ஆக்ஸென்டன், இருவருக்கும் சேர்த்து இரண்டு அடுக்கில் கும்மட்டம் வைத்த மண்டபம். சுற்றிலும் இருந்த முஸ்லிம் பிரபுக்களின் தர்காக்களையும் சமாதிகளையும் பார்த்துக் கட்டியது. டச்சுக்காரர்கள் சும்மா விடுவார்களா? 1691-ல் இறந்த வான் ரீடுக்கு அவர்களும் பெரிய மண்டபம் எழுப்பினார்கள். மலையாளக் கரையின் செடிகொடிகளைத் தொகுக்கச் செய்தவர் அவர்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று. 1711-ல் லண்டனில் புதுத் தேவாலயங்கள் கட்டும் பேச்சு வந்தபோது, கட்டடக் கலைஞர் வான்பிரா, பிணங்களைத் தேவாலயத்துக்குள் புதைப்பதை நிறுத்துங்கள், ஊர் ஓரத்தில் தோட்டம் மாதிரி இடம் ஒதுக்குங்கள் என்று எழுதிக்கொடுத்தார். முன்மாதிரியாக அவர் காட்டியது சூரத் ஆங்கிலேயர் கல்லறையை! பாரிஸின் புகழ்பெற்ற பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம் திறந்தது 1804-ல். கொல்கத்தா அதற்கு 37 வருஷம் மூத்தது. ஐரோப்பாவின் கல்லறைத் தோட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு வெகுநாள் வருத்தம்.

நம் சென்னைக்கு வருகிறேன். கோட்டைக்கு வெளியே கொய்யாத்தோப்பு என்று ஆங்கிலேயர் பழைய இடுகாடு இருந்தது. அங்கேயும் உயர உயரமான சமாதிகள். 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்தச் சமாதிகள் அவர்களுக்கு நல்ல மறைவிடமாகிவிட்டன. முற்றுகை முடிந்ததும் எல்லாவற்றையும் இடித்தார்கள். பலகைக் கற்களை மட்டும் கொண்டுபோய்க் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். ஹைதர் அலி காலத்துப் போரில் அந்தக் கற்களையும் பெயர்த்து மேலே பீரங்கி ஏற்றினார்கள். இன்றைக்குப் போனாலும் வெடிப்பும் சில்லுமாக அந்தக் கற்களைப் பார்க்கலாம்.

இடிபடாமல் நின்றது உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிற ஊசிமுனைச் சமாதி. 1680-ல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ், அவர் விதவையை மணந்த, பிற்பாடு மெட்ராஸ் கவர்னரான எலிஹூ யேலின் சின்னஞ்சிறு மகன் டேவிட், இருவரும் அதில். வாகன நிறுத்துமிடத்துக்கு இடைஞ்சல் என்று 2023-ல் அது வழக்கு வரை போனது. நான் கோர்ட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்த முப்பது வருஷத்தில் அதன் பக்கத்தில் நின்று யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

கொத்தனார்பேரன் (திங்கள், இரவு 10:05)

லேக்மார்க்கெட் சார், அரசங்கன்றைப் பிடுங்காம வந்தீங்களே, கையெடுத்துக் கும்பிடுறேன்.

வெளியே விரல் நீளம்னா உள்ளே வேர் ஒரு முழம் ஓடியிருக்கும். செங்கல் மூட்டுல சுண்ணாம்பு மிருதுவா இருக்கும், வேர் அதைத் தேடித்தான் போகும். பிடுங்கினா வேரோட நாலு செங்கல் வரும். அடியோட வெட்டிவிட்டு, வெட்டுவாயில மருந்து தடவி, அது உள்ளேயே காஞ்ச பிறகு சந்தை சுண்ணாம்புச் சாந்தால அடைக்கணும். ஒரு தடவைல முடியாது. வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் ஒரு ஆள் ஏணி வச்சு ஏறிப் பார்க்கணும். கொல்கத்தாவுல வருஷத்துக்கு 1600 மில்லிமீட்டருக்கு மேல மழை. அந்த ஊர்ல ரெண்டு வருஷம் விட்டாலே மரமாயிடும்.

கேள்விக்குறி அண்ணன் கொத்தனார் பேரைக் கேட்டார். எங்க தாத்தா கட்டின எதுலயும் அவர் பேர் இல்ல. ஆனா அவர் கை தெரியும். பூச்சுல கடைசிச் சுற்று கிளிஞ்சல் சுண்ணாம்பு போட்டு, கூழாங்கல்லால தேச்சு தேச்சு, முகம் பார்க்கிற மாதிரி கொண்டுவருவார். மெட்ராஸ் சுண்ணாம்புன்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சது இதைத்தான். கொல்கத்தா சமாதி எல்லாம் உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பளிங்கு மாதிரி தெரியறது எல்லாம் பளிங்கு இல்ல, ஏதோ ஒரு பேர் தெரியாத கொத்தனோட உள்ளங்கை.

அதனால பராமரிக்கணும்னு நான் சொல்வேன். உள்ளே படுத்திருக்கிறவருக்காக இல்ல.

கேள்விக்குறி (திங்கள், இரவு 10:40)

இந்தப் பதில் என்னை அசைத்துவிட்டது. யோசிக்கிறேன்.

லாச்சப்பல்தம்பி (செவ்வாய், அதிகாலை 2:20)

நான் பாரிஸில இருக்கிறன். லாச்சப்பலில ரெண்டாம் நம்பர் மெட்ரோ எடுத்தால் ஏழாவது ஸ்டேஷன் பெர் லாஷேஸ். சொந்தக்காரர் ஒருவற்ற தகனத்துக்குத்தான் முதல்முதல் உள்ள போனனான். அங்க 1889-ல கட்டின தகனசாலை ஒண்டு இருக்கு. ஆக்கள் வாற வரைக்கும் நேரம் இருந்தது, சுத்திப் பார்த்தன்.

தொடங்கின புதுசில அங்க ஒருத்தரும் வரேல்லையாம். ஊருக்குத் தூரம். 1817-ல பழைய எழுத்தாளர் மோலியர், லா ஃபோன்டேன் ரெண்டு பேற்ற எச்சங்களையும், பழங்காதலர் அபெலார், எலுவாஸ் எச்சங்களையும் கொண்டுவந்து வச்சாப்பிறகுதான் பணக்காரர் இடம் வாங்கத் தொடங்கினவை. பெரிய ஆக்களுக்குப் பக்கத்தில கிடக்க ஆருக்குத்தான் விருப்பமில்லை.

இஞ்ச கூடுதலாக் கட்டினது குடும்பத்துக்கு ஒண்டாக் கல்லால சின்னக் கோயில் மாதிரி. டெலிபோன் பூத் அளவுதான் அகலம். இரும்புக் கதவு, உள்ளுக்க முழந்தாளிட ஒரு பலகை, பின்சுவரில நிறக் கண்ணாடி. கனக்கக் கதவுகள் துருப்பிடிச்சுத் திறந்து கிடக்கு, உள்ள சருகு. இடத்தை நிரந்தரமா வாங்கியிருந்தாலும், ஒருத்தரும் பாக்காமல் பாழாய்ப் போனால், அறிவித்தல் ஒட்டி, காலம் குடுத்து, நகரசபை திருப்பி எடுக்கும். வாற குடும்பத்துக்கு அந்த இடம் போகும்.

2025 கடைசியில பாரிஸ் நகரசபை ஒரு வேலை செய்தது. பெர் லாஷேஸ், மொன்மார்த், மொன்பர்னாஸ் கல்லறைகள் மூண்டிலயும் சேர்த்து 30 பழுதான பழைய சமாதிகளைத் தெரிஞ்செடுத்து, பாரிஸ்வாசிகளுக்கு சீட்டுக் குலுக்கல். வாறவர் 4,000 யூரோ குடுத்துக் கல்லை வாங்கோணும், தன்ர காசில திருத்தோணும். திருத்தினால் அங்க தனக்கும் இடம் வாங்கலாம். உயிரோட இருக்கிறவருக்கு ஒரு தேவையைக் குடுத்துப் பழசைக் காப்பாத்துறது. எனக்கு இது நல்ல யோசனையாப் படுது.

பாரிமுனைப்பழசு (செவ்வாய், காலை 9:00)

அருமை தம்பி. ஆனால் கொல்கத்தாவில் அது நடக்காது. அங்கே அடக்கம் நின்று இருநூறு வருஷம் ஆகப்போகிறது, புதிதாக இடம் கொடுக்க வழியில்லை. எதிரே இருந்த வடக்குப் பார்க் ஸ்ட்ரீட் கல்லறையை 1953-ல் இடித்தே விட்டார்கள். உயிருள்ள சொந்தம் ஒன்றும் இல்லாத சமாதிகளுக்கு ஊர்தான் சொந்தம்.

உபதேசியார்வீட்டுப்பெண் (செவ்வாய், மாலை 5:30)

இத்தனை நாள் இங்கே படிக்க மட்டும் வருவேன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தாவின் தாத்தா திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர். அவருக்கு ஊர் மக்கள் சேர்ந்து கட்டிய சமாதி: நாலடி உயர மேடை, மேலே சின்ன விதானம், தலைமாட்டில் விளக்கு மாடம். எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். பாட்டி அந்த மாடத்தில் விரலை விட்டுக் காட்டுவாள், உள்ளே மழமழவென்று முட்டை ஓடு மாதிரி இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்லறைத் திருநாளுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்று குடும்பத்தில் பணம் பிரித்து ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்தோம். ஐப்பசி மழைக்கு நடுவில் நாலே நாளில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துச் சிமென்ட் பூசி, நீலப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். திருநாளன்று எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த வருஷமே அடியில் உப்புப் பூத்தது. இப்போது சிமென்ட் பாளம் பாளமாக விடுகிறது, அதோடு செங்கல் முகமும் மாவாகக் கொட்டுகிறது. விளக்கு மாடம் அடைபட்டுவிட்டது. பணம் வசூலித்தவள் நான்தான். நூற்றைம்பது வருஷம் நின்றதை நான் மூன்று வருஷத்தில் கெடுத்துவிட்டேன் என்று தூக்கம் வருவதில்லை. கொத்தனார்பேரன் தம்பி, ஏதாவது வழி உண்டா?

கொத்தனார்பேரன் (செவ்வாய், இரவு 9:15)

அக்கா, மனச விடாதீங்க. உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். தரையிலேர்ந்து ஈரம் செங்கல்ல ஏறும். சுண்ணாம்புப் பூச்சா இருந்தா அந்த ஈரம் பூச்சு வழியா வெளியே போயிடும். சிமென்ட் அதை விடாது. ஈரம் உள்ளேயே நின்னு, உப்பு செங்கல் முகத்துல கட்டி, அதைப் பொரிக்குது.

இப்ப செய்ய வேண்டியது: தானா விட்ட சிமென்டை மட்டும் சின்ன உளியால, ஓரத்துலேர்ந்து, மெதுவா எடுங்க. ஒட்டியிருக்கிறதை அடிச்சு எடுக்காதீங்க, செங்கல் கூட வரும். அதுவே ஒரு நாள் விடும். பெயின்டைச் சுரண்ட வேண்டாம். சமாதியைச் சுத்தி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்து, தண்ணி தேங்காம வடிய வழி பண்ணுங்க. பாதி வியாதி அதுலயே தீரும்.

சுட்ட சுண்ணாம்புக் கல் வாங்கி இப்பவே குழியில நீத்துப் போடுங்க. சட்டுனு பூசற பாக்கெட் சுண்ணாம்பு வேண்டாம். வெண்ணெய் பதம் வரணும், குறைஞ்சது மூணு மாசம் ஊறட்டும். மேலே எப்பவும் தண்ணி நிக்கணும். கடுக்காயைத் தட்டிக் கருப்பட்டியோட ஊறப்போட்ட தண்ணிதான் சாந்து குழைக்க. சுண்ணாம்பு ஒண்ணுக்கு மணலும் செங்கல் பொடியும் சேர்த்து ரெண்டு. மெல்லிசா ரெண்டு மூணு சுற்று, ஒவ்வொண்ணும் இறுகின பிறகு அடுத்தது, மேலே ஈரச் சாக்கு. ஐப்பசி கார்த்திகைல தொடவே தொடாதீங்க. மழை ஓய்ஞ்சு தை பிறந்ததும் ஆரம்பிங்க. திருநாளுக்குள்ள முடியலேன்னா முடியல.

மாடத்தை நீங்களே திறக்க வேண்டாம். அந்த வேலைக்கு நான் வரேன்.

கேள்விக்குறி (புதன், காலை 8:10)

இரண்டு நாளாக யோசித்தேன். என் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனால் இடம் மாறியிருக்கிறது.

அந்தக் கல்லறை வாசலில் ஒரு பலகை வேண்டும். 1767-ல் திறந்தது என்று எழுதுகிற இடத்திலேயே, அதற்கு அடுத்த சில வருஷங்களில் வங்காளத்தில் எத்தனை பேர் பஞ்சத்தில் செத்தார்கள், அவர்களுக்குக் கல் இல்லை என்று வங்காளியில் எழுதி வைக்க வேண்டும். உள்ளே போகிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் பிரமிடைப் பார்க்கட்டும். இடித்துவிட்டால் அதைச் சொல்வதற்கு இடமே இல்லாமல் போய்விடும்.

லேக்மார்க்கெட்வாசி (புதன், இரவு 7:50)

அந்தப் பலகைக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன், தோழர்.

ஒன்றிரண்டு சேர்க்கிறேன். அங்கே கிடப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. 1828-ல் இறந்த மேஜர் ஜெனரல் சார்லஸ் ஸ்டூவர்ட்டை இந்து ஸ்டூவர்ட் என்றே அழைத்தார்கள். தினமும் கங்கையில் குளித்தவர், விக்கிரகங்களைச் சேர்த்தவர். அவர் சமாதிக்குக் கோயில் வாசல் மாதிரியே செதுக்கிய கல். கிறிஸ்தவக் கல்லறைக்குள் அப்படி ஒன்று நிற்பதை நேரில் பார்க்க வேண்டும். மேற்குச் சுவர்ப் பக்கம் டெரோசியோ. கொல்கத்தாவிலேயே பிறந்து, இந்துக் கல்லூரியில் பாடம் சொல்லி, எதையும் கேள்வி கேள் என்று மாணவர்களைத் தூண்டியதற்காக 1831-ல் வேலையை இழந்து, அதே டிசம்பரில் காலராவில் போனவர். 22 வயது. அவர் கல்லுக்கு இன்றும் பூ வைக்கிறார்கள்.

1840-ல் திறந்த லோயர் சர்குலர் ரோடு கல்லறையில் வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் இருக்கிறார். 1848 முதல் 1856 வரை நம் சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் பாடுபட்டவர். 1873-ல் வறுமையில் இறந்தார், பல வருஷம் கல்லே இல்லாமல் கிடந்தார். வங்கத்தில் பிறந்தவனானால் கொஞ்சம் நில், வழிப்போக்கனே என்று அவர் முன்பே எழுதி வைத்த வரிகளைப் பிறகுதான் பொறித்தார்கள். நான் வங்கத்தில் பிறந்தவன் இல்லை. ஆனாலும் நின்றேன்.

அரசங்கன்று இருக்கிற மண்டபத்தைப் படம் எடுத்து, வரிசை எண்ணோடு அங்கே பார்த்துக்கொள்கிறவர்களிடம் இன்று எழுதிக் கொடுத்தேன். வெட்டுகிற அன்றைக்கு என்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

பறங்கிமலைக்காரி (வியாழன், காலை 6:55)

அண்ணா, அடுத்த தடவை சார்னாக் மண்டபத்துக்குள் போகும்போது அந்தக் கல்லின் ஓரத்தில் ஏதாவது சில்லு விட்ட இடம் இருக்கிறதா பாருங்கள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அந்த நீல மினுக்கம் தெரியும். படம் அனுப்புங்கள், என் மேசைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

உபதேசியார்வீட்டுப்பெண் (எட்டு வாரம் கழித்து, சனி, மாலை 4:00)

எல்லாருக்கும் வணக்கம். குழி தோண்டிச் சுண்ணாம்பை நீற்றியாயிற்று. ஊற்றினபோது கொதித்த கொதியில் சித்தப்பா பயந்து பின்னால் நகர்ந்துவிட்டார். இப்போது மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கிறது, பலகை போட்டு மூடியிருக்கிறோம். சுற்றி மண்ணை எடுத்ததில் மேடையின் அடிவரிசைச் செங்கல் வெளியே வந்தது, அதில் ஒரு சின்னக் கைத்தடம் இருக்கிறது. சூளைக்குப் போகும் முன் ஈரச் செங்கல்லில் ஏதோ ஒரு குழந்தை கை வைத்திருக்கிறது. அந்தச் செங்கல்லை மட்டும் பூசாமல் விடலாமா, தம்பி?

கொத்தனார்பேரன் (சனி, மாலை 4:25)

விடலாம் அக்கா. சுத்தி ஓரம் கட்டிக் கொடுத்துடறேன். தை அஞ்சாம் தேதி வரேன்.